அவரவர் வீட்டுக்கு எதிரே



எருசலேமின் இடிந்த மதில் மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட வரலாற்றை நெகேமியா நூலில் வாசிக்கின்றோம். அந்நூலின் மூன்றாம் அதிகாரம் பெயர்களின் நீண்ட பட்டியலாக இருப்பதனால், நம்மில் பலர் அதனை விரைவாகக் கடந்து சென்றுவிடுகின்றோம். ஆயினும் அப்பட்டியலில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு குறிப்பைக் கவனியுங்கள். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியையே பழுதுபார்த்தார்கள். குருக்களும் பொற்கொல்லரும் வணிகரும் அருகருகே நின்று உழைத்தார்கள். ஒருவர் தம் புதல்வியரையும் அழைத்து வந்திருந்தார். 52 நாட்களில் மதில் நிறைவுற்றது.

இன்று நம் பொது இல்லமாகிய பூமியின் மதிலும் சிதைந்து வருகின்றது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதனால் வெளியேறும் காபனீரொட்சைட்டு முதலான பச்சைவீட்டு வாயுக்கள் வளிமண்டலத்தில் சேர்ந்து, வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கின்றன. இதனை நாம் அறிவோம். ஆனால், "நான் ஒருவன் என்ன செய்ய இயலும்?" என்று கேட்டுவிட்டு அமைதியடைந்து விடுகின்றோம். இக்கேள்விக்கு ஒரு சிறு தீவின் மக்கள் அளித்த விடையை இவ்வாரம் உங்களோடு பகிர விரும்புகின்றேன்.

டென்மார்க் நாட்டைச் சேர்ந்த சம்சோ தீவின் பரப்பளவு 114 சதுர கிலோமீற்றர். ஏறத்தாழ 4,000 பேர் வாழும் அத்தீவில் விவசாயமே முதன்மைத் தொழில். 1990களில் அவர்களுக்கான மின்சாரம் பெருநிலப்பரப்பின் நிலக்கரி மின்நிலையங்களிலிருந்து கடலடி வடம் வழியாக வந்தது. குளிர்காலத்தில் வீடுகளை வெப்பமூட்டும் எண்ணெய் கப்பலில் வந்தது. 1997ஆம் ஆண்டு டென்மார்க் அரசு ஒரு போட்டியை நடத்தியது. பத்தாண்டுகளுக்குள் தன் தேவை முழுவதையும் புதுப்பிக்கத்தக்க சக்தியால் நிறைவுசெய்யும் தீவாக மாறுவதற்குச் சம்சோ தெரிவுசெய்யப்பட்டது.

அச்செய்தியைக் கேட்டு அம்மக்கள் மகிழ்ந்து ஆரவாரித்தார்கள் என எண்ணிவிடாதீர்கள். திட்டத்தை வரைந்தவர் அத்தீவில் வசிக்காத ஒரு பொறியியலாளர். காற்றாலைகளின் இரைச்சலையும் செலவையும் நினைத்து ஊரவர் தயங்கினார்கள். அத்தீவிலேயே பிறந்து வளர்ந்த ஆசிரியர் சோரன் ஹெர்மன்சன் ஊர் ஊராகச் சென்று மக்களை ஒன்றுகூட்டினார். அவர்களுடைய ஐயங்களைப் பொறுமையோடு செவிமடுத்தார். காற்றாலையின் பயனில் தமக்கும் பங்குண்டு என்று அறிந்தபோது, அயலவரின் மனம் மெல்ல மெல்லத் திரும்பியது.

2000ஆம் ஆண்டளவில் நிலத்தில் 11 காற்றாலைகள் எழுந்தன. சிலவற்றுக்கு விவசாயிகளும், சிலவற்றுக்குச் சிறு பங்குகளை வாங்கிய ஊரவரும் உரிமையாளராயினர். 2003ஆம் ஆண்டில் கடலிலும் 10 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. அவற்றுள் 5 உள்ளூராட்சி மன்றத்துக்கு உரியவை. வயல்களின் வைக்கோலை எரித்துச் சூடாக்கிய நீர், நிலத்தடிக் குழாய்கள் வழியாக வீடுகளைச் சென்றடைந்தது. பயிர் வளரும்போது காற்றிலிருந்து உறிஞ்சிய காபனீரொட்சைட்டே வைக்கோல் எரியும்போது வெளியேறுகின்றது. எண்ணெயோ நிலத்தின் ஆழத்தில் புதைந்திருந்ததைப் புதிதாகக் காற்றில் சேர்க்கின்றது.

குறித்த காலத்துக்குள், தான் செலவிடும் அளவுக்கு மேலாகவே சம்சோ புதுப்பிக்கத்தக்க சக்தியை உற்பத்தி செய்தது. எனினும் அங்கு அனைத்தும் நிறைவாகிவிடவில்லை. வாகனங்களும் கப்பல்களும் தொடர்ந்து எண்ணெயையே எரித்தன. அதற்கு ஈடாகவே கடற் காற்றாலைகளின் மின்சாரம் பெருநிலப்பரப்புக்கு அனுப்பப்பட்டது.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் இத்தகைய கூட்டுறவு முயற்சிகளைப் பாராட்டுகின்றார். தனிமனிதரின் நற்செயல்கள் எத்தனை கூடினாலும் போதா, சமூகமாக இணைந்தே இத்தகைய சிக்கல்களை எதிர்கொள்ள வேண்டும் என்றும் அவர் அதில் நினைவூட்டுகின்றார்.

காற்றாலைகளைக் கண்ட தீவு நம்மிடமும் உண்டு. மன்னாரில் 2025ஆம் ஆண்டில் 30 காற்றாலைகள் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தன. மேலும் அமைக்கப்படுவதை எதிர்த்து 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மக்களும் அருட்தந்தையரும் வீதியில் நின்றார்கள். வெள்ளம் வடிந்தோடும் வழிகளையும் மீன்பிடியையும் பறவைகளையும் எண்ணி அவர்கள் கலங்கினார்கள். அவர்களைப் பூமியின் மீது அக்கறையற்றோர் என எவரும் இகழலாகாது. தம் வீட்டுக்கு எதிரே எழுவது எதுவென்று சொல்லும் உரிமையையே அவர்கள் கேட்டார்கள். சம்சோவில் அந்த உரிமை முதலில் மதிக்கப்பட்டது. மதில் அதன் பின்னரே எழுந்தது.

அன்பான குடும்பங்களே, உங்கள் பங்கின் அடுத்த அருட்பணிச் சபைக் கூட்டத்தில் ஒரேயொரு கேள்வியை எழுப்புங்கள்: நம் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதி எது? பங்கு மண்டபத்தின் கூரையில் சூரிய மின்தகடுகளைப் பொருத்த இயலுமா? ஞாயிறு திருப்பலிக்கு அயல் குடும்பங்கள் ஒரே வாகனத்தில் வர இயலுமா? குப்பைமேட்டில் அழுகி மெதேன் வாயுவாக மாறும் சமையற் கழிவை, ஊர் ஒன்றுசேர்ந்து பசளையாக்க இயலுமா? விடை சிறிதாக இருக்கலாம். ஆனால் அதனைக் கூடியிருந்து தேடுங்கள்; மறுப்போரின் குரலையும் செவிமடுங்கள்; பயனை அனைவரோடும் பகிருங்கள்.

நெகேமியாவின் மக்களில் எவரும் மதில் முழுவதையும் தனியே கட்டவில்லை. அவரவர் தம் பகுதியைக் கட்டினார்கள். அடுத்தவரின் பகுதியோடு அதனை இணைத்தார்கள். அந்த மனத்தை ஆண்டவர் நமக்கும் தந்தருள்வாராக.