ஒரு கோப்புக்குள் ஒரு வன்தட்டு

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் கைக்கு லினக்ஸ் வந்து சேர்ந்தது அப்படித்தான். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோஸுடன் ஒரே வன்தட்டில் குடியிருந்தது. தட்டைப் பகுதிகளாகப் பிரித்திருந்ததால்தான் அது முடிந்தது.

அந்தப் பிரிப்பைக் கற்க, வீட்டிலுள்ள ஒரே கணினியின் தட்டில் கைவைக்க வேண்டியதில்லை. லினக்ஸில் ஒரு சாதாரணக் கோப்பையே வன்தட்டாக நடத்தலாம். ‘டிஸ்க் இமேஜ்’ என்பது அதுதான். ‘ட்ரங்கேட்’ கட்டளை 2 ஜிபி கோப்பை நொடியில் உருவாக்கிவிடும். ‘எல்எஸ்’ அதை 2 ஜிபி என்றே காட்டும். ‘டியூ’விடம் கேட்டால் பூஜ்யம் என்னும். உள்ளே எழுத எழுதத்தான் கோப்பு இடம் பிடிக்கும். பழைய மடிக்கணினிக்கு இது பெரிய வரம்.

இனி அந்தக் கோப்பின் மேல், பகுதிகளைப் பிரிக்கும் ‘எஃப்டிஸ்க்’ கட்டளையை ஓட்டுங்கள். ‘என்’ என்றால் புதிய பகுதி. தொடக்கம் 2048ஆவது செக்டர் என்று அதுவே முன்மொழியும். செக்டருக்கு 512 பைட் வீதம் 1 எம்பி. அந்தத் தொடக்கத்தை மாற்றாதீர்கள். பழைய எம்பிஆர் முறையில் பிரிவினைக் கணக்கு முழுவதும் முதல் செக்டரில் 64 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது: 16 பைட் வீதம் நான்கு பதிவுகள். முதன்மைப் பகுதிகள் நான்கைத் தாண்டாததற்குக் காரணம் இதுவே. புதிய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 வரை போகலாம்.

‘எஃப்டிஸ்க்’கில் ‘டபிள்யூ’ அழுத்தும்வரை எதுவும் தட்டில் எழுதப்படுவதில்லை. ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் வெட்டு விழும்வரை தோலின்மேல் அச்சை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதுபோல, பகுதிகளை அழித்து மறுபடி போட்டுப் பார்க்கலாம். அருமையான ஏற்பாடு இது.

பலர் தடுமாறுவது அடுத்த படியில். கோப்பை ‘லோசெட்டப்’ மூலம் இணைக்கும்போது, உள்ளே உள்ள பகுதிகளையும் தேடும்படி பெரிய எழுத்து ‘பி’யைச் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் முழு இமேஜைக் குறிக்கும் ‘லூப்0’ மட்டும் தெரியும்; அதன் முதல் பகுதியான ‘லூப்0பி1’ பெரும்பாலும் தெரியாது. ‘லூப்0பி1’ தெரிந்ததும் அதன்மேல் ‘எம்கேஎஃப்எஸ்’ ஓட்டி, ‘மவுன்ட்’ செய்து, கோப்புகளைப் போட்டுப் பாருங்கள். கெட்டுப்போனால் இமேஜை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

நிஜத் தட்டுக்குப் போகும் நாளில் முக்கியமானவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். ‘டபிள்யூ’ அழுத்தும் முன் ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையில் தட்டின் பெயரையும் அளவையும் சரிபாருங்கள்.