நெஞ்சின் நடுவே ஒரு ‘ரிலாக்ஸ்’ புள்ளி: அழுத்தலாம், ஊசி குத்தலாமா?

டெட்லைன் நெருங்குது, மனசு படபடக்குது. போனைத் திறந்தால், ‘நெஞ்சுக்கு நடுவே இந்த இடத்தை ஒரு நிமிஷம் அழுத்துங்க, டென்ஷன் பறந்துடும்’ என்கிறது ஒரு ரீல்ஸ். அதில் காட்டப்படும் இடத்துக்குச் சீன மருத்துவத்தில் ‘டான்ஜோங்’ என்று பெயர். அக்குபங்சர் படித்தவர்கள் ‘சிவி 17’ என்பார்கள். விரலால் அழுத்துவது ஒரு கதை. ஊசி குத்துவது முற்றிலும் வேறு கதை.

எங்கே இருக்கிறது?

நெஞ்செலும்பின் மேல், உடலின் நடுக்கோட்டில், 4-வது விலா எலும்புக்கும் 5-வது விலா எலும்புக்கும் இடையிலுள்ள இடைவெளிக்கு நேராக இருக்கிறது. ஆண்களுக்கு ஏறக்குறைய இரு மார்புக்காம்புகளுக்கும் நடுவில். பெண்களுக்கு இந்த அடையாளம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், விலா எலும்புகளை எண்ணித்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 361 அக்குபங்சர் புள்ளிகளின் இடங்களை வரையறுத்து உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட நூலில் இதுவும் உண்டு.

ஏன் இவ்வளவு மவுசு?

உடலுக்குள் ‘ச்சி’ என்ற உயிராற்றல் ஓடுகிறது என்பது சீன மருத்துவத்தின் அடிப்படை. அந்த ஆற்றல் வந்து சேரும் முக்கியமான இடமாக டான்ஜோங் கருதப்படுகிறது. சுமார் 2,000 ஆண்டுகள் பழமையான ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்ற நூல், நெஞ்சின் இந்த நடுப்பகுதியை மகிழ்ச்சியோடு இணைத்துப் பேசுகிறது. மூச்சிரைப்பு, இருமல், நெஞ்சு இறுக்கம், மனக்கலக்கம் ஆகியவற்றுக்கு இந்தப் புள்ளியைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு.

அழுத்தினால் வேலை செய்யுமா?

இந்த ஒரு புள்ளியை அழுத்தினால் மட்டுமே பதற்றம் தீரும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. ஆனால் ரீல்ஸைப் பார்த்துச் செய்பவர் என்ன பண்ணுகிறார்? உட்கார்ந்து, கண்ணை மூடி, மெதுவாக மூச்சு விடுகிறார். நிதானமான மூச்சே இதயத் துடிப்பைக் கொஞ்சம் தணிக்கும். அதனால் மெல்ல அழுத்திப் பார்ப்பதில் பெரும்பாலும் தப்பில்லை.

ஊசி என்றால்?

இங்கேதான் கவனம் தேவை. ‘கீழே எலும்புதானே இருக்கு, ஊசி எப்படி உள்ளே போகும்?’ என்று தோன்றும். ஆனால் நெஞ்செலும்பு ஒரே துண்டாக உருவாவதில்லை. கருவில் பல துண்டுகளாகத் தோன்றி, பிறகு ஒன்று சேர்கிறது. சிலருக்கு அது முழுதாகச் சேராமல் நடுவே ஓட்டை நின்றுவிடும். பல ஆய்வுகளில் 100 பேரில் சுமார் 5 பேருக்கு இது தென்பட்டிருக்கிறது. வலி, தொந்தரவு எதுவும் இருக்காது. சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரியும். விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்ய முடியாது.

அந்த ஓட்டைக்குப் பின்னால் இருப்பது இதயம். ஒல்லியானவர்களுக்குத் தோலில் இருந்து அதுவரையான தூரம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். ஊசி நேராக இறங்கி இதயத்தைத் தொட்டால், அதைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் தேங்கும். இதயம் விரிய இடமில்லாமல் திணறும். இப்படி நேர்ந்த ஒரு மரணத்தை நார்வே மருத்துவர்கள் 1995-ல் ‘லான்செட்’ இதழில் பதிவு செய்தார்கள்.

அதனால்தான் இந்தப் புள்ளியில் ஊசியைச் செங்குத்தாக இறக்காமல், தோலுக்கு அடியில் படுக்கை வாட்டில் செலுத்த வேண்டும் என்று அக்குபங்சர் பாடநூல்கள் சொல்கின்றன. சிகிச்சைக்குப் போகிறவர்கள், ‘நெஞ்சுல ஊசியை எப்படிப் போடுவீங்க?’ என்று கூச்சப்படாமல் கேட்கலாம். முறையாகப் பயின்றவருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆன்லைனில் ஊசி வாங்கி வீட்டிலேயே குத்திப் பார்ப்பது கூடவே கூடாது.

எப்போது புள்ளியை மறக்க வேண்டும்?

அழுத்தும்போது அந்த இடம் வலித்தால், ‘ஆற்றல் அடைபட்டிருக்கு’ என்று சிலர் விளக்குவார்கள். விலா எலும்பும் நெஞ்செலும்பும் சேரும் குருத்தெலும்பில் வீக்கம் இருந்தாலும் அப்படி வலிக்கும். அழுத்தினால் வலிக்கிறது என்பதற்காக, ‘இது வெறும் தசைவலி’ என்று முடிவு கட்டவும் முடியாது.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்று ஏதாவது வந்தால் புள்ளியைத் தேடாதீர்கள். 30 வயதுதானே என்றும் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் கணக்கு.