இலக்கம் காட்டும் குழல்

சேரங்கோட்டில் ஆடி பிறந்துவிட்டால் மின்சாரத்தை நம்பி ஒரு காரியமும் தொடங்க முடியாது. காற்றில் ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் போதும். ஊர் முழுவதும் இருட்டுத்தான். அப்படிப்பட்ட ஒரு மாலையில், என்னிடம் பௌதிகம் படிக்கும் பையன் ஒருவன், "வீட்டில் ஒரு கடிகாரம் செய்திருக்கிறேன், ஸார், வந்து பாருங்கள்" என்று அழைத்தான். போனேன். மேஜைமீது நான்கு கண்ணாடிக் குழல்கள். ஒவ்வொன்றினுள்ளும் செம்மஞ்சள் நிறத்தில் ஓர் இலக்கம், அகல் விளக்கின் சுடரைப் போல.

இவற்றுக்கு நிக்ஸி குழல் என்று பெயர். அமெரிக்காவின் பரோஸ் கம்பெனி 1955-ல் இவற்றை வெளியிட்டது. 1970-களில் மலிவான புது விளக்குகள் வந்து இவற்றைத் துரத்திவிட்டன. ருஷ்யாவில் இன்னும் சில காலம் தயாராயின. இன்று பொழுதுபோக்குக்காக வாங்குகிறவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் அந்தப் பழைய சரக்கேயாகும்.

குழலுக்குள் 0 முதல் 9 வரை பத்துக் கம்பி இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. எதுவும் பழுக்கக் காய்வதில்லை. சுற்றியுள்ள நியான் வாயுதான் ஒளிர்கிறது. அதைத் தூண்டுவதற்குச் சுமார் 170 வோல்ட் வேண்டும். தூண்டிய பிறகோ 140 வோல்ட்டே போதும். மிச்சத்தைத் தடுக்காவிட்டால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பெருகிக் குழல் பாழாகும். ஆகையால் 180 வோல்ட் கொடுத்து, வழியில் 20,000 ஓம் தடை ஒன்றை வைக்கிறார்கள். எஞ்சிய 40 வோல்ட்டை அது ஏற்றுக்கொள்ள, 2 மில்லி ஆம்பியர் மாத்திரம் ஓடும்.

அந்த 180 வோல்ட்டுக்கு எங்கே போவது? பையன் முதலில் செய்த யோசனை என்னைத் திடுக்கிட வைத்தது. டிரான்ஸ்பார்மர் இல்லாமலே சுவரிலுள்ள மின்சாரத்தை டையோடு வழியாக நேரே எடுத்திருக்கிறான்! 230 வோல்ட் என்பது கண்டென்ஸரில் 325 வோல்ட்டாக ஏறி நிற்கும். அது மட்டுமா? கடிகாரத்தின் ஒவ்வொரு கம்பியும் தெருக் கம்பத்தோடு நேர்த் தொடர்பு கொண்டுவிடும். ஒரு வாரம் அப்படியே ஓடியதாம். அவனுக்கு ஐந்து வயதுத் தங்கை ஒருத்தி உண்டு.

நல்ல வேளை, இப்போது 12 வோல்ட் ஸ்கூட்டர் பாட்டரிக்கு மாறியிருந்தான். கம்பிச் சுருளில் மின்சாரத்தை ஓடவிட்டுச் சட்டென்று வெட்டினால், சுருள் தன் காந்த சக்தியை உயர்ந்த அழுத்தமாகத் திருப்பித் தள்ளும். ஒரு சிறு டிரான்ஸிஸ்டர் இவ்வெட்டு வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்கிறது. நான்கு குழலுக்கும் ஒன்றரை வாட்தான் செலவு. ஊர் இருண்டிருக்கையில் கடிகாரம் எரிந்ததன் மர்மம் இதுவே.

ஆனாலும் 180 வோல்ட் 180 வோல்ட்தானே? பாட்டரியைக் கழற்றிய பிறகும் கண்டென்ஸர் அதைப் பிடித்து வைத்திருக்கும். அதன் குறுக்கே 10 லட்சம் ஓம் தடை ஒன்றை நானே பக்கத்தில் நின்று பற்றவைக்கச் செய்தேன். அரை நிமிஷத்தில் வடிந்துவிடும். குழல்களின்மேல் கண்ணாடிப் பெட்டி ஒன்றும் கவிழ்த்தாயிற்று.

இன்னொரு விநோதம். நெடுநாள் எரியாத இலக்கத்தின்மேல் மாசு படிந்து, பிறகு அது சரியாக ஒளிராது. மணியின் முதல் குழலிலோ 0, 1, 2 தவிர மற்றவற்றுக்கு வேலையே இல்லை. ஆகவே தினமும் விடியற்காலை 3 மணிக்கு எல்லா இலக்கங்களும் வரிசையாக ஓடும்படி அமைத்திருக்கிறான். அதைப் பார்ப்பதற்கென்றே தங்கை விழித்திருக்க முயன்று, ஒன்பது மணிக்கே தூங்கிப் போகிறாளாம்.