பட்டை கூட்டியாச்சு... அப்சோர்பருக்குச் சொன்னீர்களா?

இந்த வாரத் தொலைக்காட்சி அரங்கில் நாம் எடுத்துக்கொண்ட பொருள், வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அந்த வண்டிக்கு எதிரே மலைச்சாலையில் வருகிற எல்லாருக்கும் உரியது. பாரம் ஏற்றுகிற ஃபோர்வீல் வண்டிகளில் பின்பக்க ஸ்பிரிங்கைக் கனமாக்குவது, அப்படி ஆக்கிய பிறகு அப்சோர்பரை அதற்கு ஏற்றபடி சரிசெய்வது பற்றித்தான் பேசப் போகிறோம். முதல் வேலையைப் பெரும்பாலோர் செய்துவிடுகிறார்கள். இரண்டாவது வேலையைச் செய்பவர்கள் குறைவு. வம்பு அங்கேதான் இருக்கிறது.

கேமரன் மலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரிங்லெட்டிலிருந்து லெம்பா பெர்த்தாம் பக்கம் இறங்கினால், கதவுகூட இல்லாத பழைய லேண்ட் ரோவர் ஒன்று முட்டைக்கோஸ் கூடைகளை வண்டி உயரத்துக்கு மேல் அடுக்கிக்கொண்டு எதிரே வரும். 2013 அக்டோபரில் அணை நீர் பாய்ந்து நாடே அறிந்துகொண்ட அதே பள்ளத்தாக்குதான். தோட்டத்துச் செம்மண் பாதை, தார்ச்சாலை, கொண்டை ஊசி வளைவு, மழை, மூடுபனி... ஒரே நாளில் ஒரே வண்டி இத்தனையையும் பார்க்கிறது. போகும்போது முழுப் பாரம், திரும்பும்போது வெறும் வண்டி. இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பேச்சின் அச்சாணியே அதுதான்.

வில்வண்டியின் வில்

ஸ்பிரிங் பட்டை நமக்குப் புதிய சரக்கல்ல. தாத்தா காலத்து வில்வண்டியை நினைத்துப் பாருங்கள். கட்டை வண்டியில் போனால் எலும்பு கழன்றுவிடும் என்று வசதியுள்ளவர்கள் வில்வண்டி வைத்துக்கொண்டார்கள். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்து கிடந்த இரும்புப் பட்டைகள்தாம் அந்த 'வில்'. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் ரோவர் நிறுவனம் முதல் லேண்ட் ரோவரைக் காட்டியபோது அதன் நான்கு சக்கரங்களுக்கு மேலும் இதே வில்தான் இருந்தது. உடல் அலுமினியக் கலவை, அடியில் கெட்டியான சேசிஸ், அதன் கீழே அடுக்குப் பட்டை. 1983-இல் 'ஒன் டென்' என்ற மாடல் சுருள் ஸ்பிரிங்கோடு வரும்வரை இந்த வரிசை வண்டிகள் பட்டையை விடவில்லை. பாரம் சுமக்கும் பிக்கப் வண்டிகள் பலவற்றின் பின்பக்கத்தில் இன்றைக்கும் பட்டைதான் இருக்கிறது. விலை குறைவு, முரட்டு உழைப்பு. ஒரு பட்டை முறிந்தாலும் மற்றவை தாங்கி வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும்.

ஆனால் ஸ்பிரிங் ஒரு வேலையைத்தான் செய்யும். அமுக்கினால் சக்தியை வாங்கி வைத்துக்கொள்ளும், விட்டால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். கடன் வாங்கினால் காசு பாக்கியில்லாமல் திருப்புகிற நல்ல மனிதர் மாதிரி! அப்படித் திருப்பிக் கொடுப்பதுதான் வண்டி துள்ளுவதற்குக் காரணம். அந்தத் துள்ளலை விழுங்கி, எண்ணெயைச் சின்னச் சின்னத் துளைகள் வழியே தள்ளி, சூடாக மாற்றிவிடுவது அப்சோர்பர். தாங்குவது ஸ்பிரிங், அடக்குவது அப்சோர்பர். வண்டி ஆடுகிறது என்று அப்சோர்பரை மாற்றுகிறோம், பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது என்று ஸ்பிரிங்கை மாற்றுகிறோம். இரண்டும் ஒரே குடும்பம் என்பது பட்டறைக்குப் போனதும் மறந்துவிடுகிறது.

பழைய அடுக்குப் பட்டையில் இன்னொரு இரகசியமும் உண்டு. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும். துருவும் சேறும் சேர்ந்தால் இன்னும் அதிகமாக உரசும். அந்த உரசலே பாதி அப்சோர்பர் வேலையைச் செய்துவிடுகிறது. அதனால்தான் அப்சோர்பர் செத்துப்போன பழைய வண்டிகூட எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது. இதன் மறுபக்கத்தை லேண்ட் ரோவர் பிரியர்கள் பல நாடுகளில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பாரபோலிக் பட்டை என்று ஒரு வகை இருக்கிறது. எண்ணிக்கை குறைந்த பட்டைகள், நடுவில் தடித்து நுனியில் மெலிந்திருக்கும், இடையில் இடைவெளி இருக்கும். சொகுசு நன்றாகவே கூடும். ஆனால் உரசல் போய்விட்டதால் பழைய அப்சோர்பர் தனியே திணறும், வண்டி படகு மாதிரி ஆடும். ஆகவே பாரபோலிக் பட்டை வாங்கினால் அதற்குப் பொருத்தமான அப்சோர்பரையும் சேர்த்தே வாங்க வேண்டும். கணினி இல்லாத வண்டியிலேயே கதை இப்படித்தான்.

வெறும் வண்டியின் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பயப்பட வேண்டாம், நான் படித்ததும் தொடர்புத்துறைதான், எஞ்சினியரிங் இல்லை!

எளிமைக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. பாரம் இல்லாதபோது ஒரு பின்சக்கரத்தின் ஸ்பிரிங் மேல் 250 கிலோ உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 5 கிலோ தேவை. பின்னால் 600 கிலோ காய்கறி ஏற்றினால் ஒவ்வொரு பக்கமும் 300 கிலோ, வண்டி 60 மில்லிமீட்டர் இறங்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, சேறு தட்டுகிறது என்று 7 கிலோ ஸ்பிரிங் போடுகிறோம். இப்போது அதே சுமைக்கு ஏறத்தாழ 43 மில்லிமீட்டர்தான் இறங்கும். வண்டிக்காரருக்குச் சந்தோஷம்.

பாரத்தை இறக்கிவிட்டுத் திரும்புகிறார். ஈரச் சாலையில் 30 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்குகிறது. பழைய ஸ்பிரிங் 150 கிலோ அழுத்தத்தை இழக்கும், மிச்சம் 100 கிலோ டயரைத் தரையோடு அமுக்கிப் பிடித்திருக்கும். புதிய ஸ்பிரிங் 210 கிலோவை இழக்கும். மிச்சம் 40 கிலோதான்! சக்கரம், அச்சு ஆகியவற்றின் சொந்த எடையை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறாது. அந்தப் பள்ளம் ஒரு வளைவில் இருந்தால் பின்பக்கம் ஏன் வெட்டி இழுக்கிறது என்று இப்போது புரிகிறதல்லவா? கனமான ஸ்பிரிங் பாரத்தோடு ராஜா, பாரமில்லாமல் அநாதை.

அடுத்து, மேட்டில் ஏறும் நேரம். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே அளவு அமுங்கினால், புதியது 40 விழுக்காடு அதிக சக்தியைச் சேர்த்து வைத்துத் திருப்பி உதைக்கும். அதை அடக்க வேண்டியது பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்த அப்சோர்பர். அதனால் முடியாது. சரி, அப்சோர்பரையும் 40 விழுக்காடு கெட்டியாக்கிவிடுவோமா? அதுவும் தவறு. இயற்பியல் சொல்வது வர்க்கமூலக் கணக்கு. ஸ்பிரிங்கை 40 விழுக்காடு கூட்டினால், பழைய அடக்கம் திரும்பக் கிடைக்க அப்சோர்பரை ஏறக்குறைய 18 விழுக்காடு கூட்டினால் போதும். அதற்குமேல் போனால் டயர் பள்ளத்துக்குள் இறங்கவே நேரம் இருக்காது. மேலே மேலே தாவிக்கொண்டு போகும்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: வாரத்தில் பாதி நாள் வெறும் வண்டியாக ஓடுகிறவர்கள் எல்லாப் பட்டையையும் கனமாக்க வேண்டாம். அடியிலோ மேலேயோ ஒரு 'ஹெல்ப்பர்' பட்டையைச் சேர்க்கலாம். வண்டி ஓரளவு இறங்கிய பிறகுதான் அது முட்டிக்கொண்டு வேலை செய்யும், வெறும் வண்டியில் சும்மா இருக்கும். தினமும் முழுப் பாரம் என்றால் கனமான பட்டை நியாயமே. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டார் என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது.

கணினிக்கு யார் சொல்வது?

இனி புதிய வண்டிகளுக்கு வருவோம். சாலைக்கு ஏற்றபடி தானே இறுகி, தானே தளரும் அப்சோர்பர்கள் இப்போது பிக்கப் வண்டிகளுக்கும் வந்துவிட்டன. ஃபோர்டு நிறுவனம் 2019 மாடல் எஃப்-150 ராப்டரில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் 'லைவ் வால்வ்' அப்சோர்பரைக் கொடுத்தது. அந்த வண்டியின் பின்பக்கம் அப்போது பட்டை ஸ்பிரிங்தான். 2021 மாடலில் பின்பக்கம் சுருளுக்கு மாறியது. 2022-இல் அறிமுகமான ரேஞ்சர் ராப்டரின் வி6 வகைக்கும் லைவ் வால்வ் வந்தது. 2021 எஃப்-150 ராப்டரின் அப்சோர்பர் விநாடிக்கு 500 தடவை வரை தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஃபோர்டு சொன்னது. நாம் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் எத்தனை தடவை என்று பாருங்கள்!

இத்தனை கெட்டிக்காரக் கருவி சாலையை எப்படி அறிகிறது? அதற்கு உதவும் உணர்கருவிகளில் முக்கியமானது உயரத்தை அளப்பது. சேசிஸில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு குட்டிக் கை, அந்தக் கை சக்கரத்தோடு ஏறி இறங்கும் பாகத்தில் மாட்டியிருக்கும். சக்கரம் ஏறினால் கை ஒரு பக்கம் திரும்பும், இறங்கினால் மறுபக்கம். கணினிக்குத் தெரிவதெல்லாம் அந்தக் கையின் கோணம்தான்.

நாம் கனமான ஸ்பிரிங் போட்டுப் பின்பக்கத்தை 40 மில்லிமீட்டர் உயர்த்திவிட்டோம் என்று வையுங்கள். வண்டி சமதரையில் சாதுவாக நிற்கிறது. கையோ சக்கரம் கீழே தொங்குகிற கோணத்தைக் காட்டுகிறது. வண்டி அந்தரத்தில் இருப்பதாக உணர்ந்தால், தரையில் விழும் அடியைத் தாங்குவதற்காக அப்சோர்பரை முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோகும்படி ராப்டரின் கணினிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உயரக் கணக்கு பிசகினால் இப்படிப்பட்ட முடிவுகளும் பிசகும். தேவையில்லாத நேரத்தில் இறுகும், தேவையான நேரத்தில் தாமதிக்கும். இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கு எரிந்தாலாவது நல்லது, எரியாமல் தப்பாகவே ஓடுவதுதான் ஆபத்து.

இதற்குச் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, அந்தக் குட்டிக் கையை இணைக்கும் தண்டின் நீளத்தைப் புதிய உயரத்துக்கு ஏற்ப மாற்றி, கை பழைய நடுக்கோணத்துக்கு வரச் செய்வது. மற்றது, வண்டி நிறுவனம் அனுமதிக்கும் இடத்தில், கணினிக் கருவியை மாட்டி 'இதுதான் இனி உன் சமநிலை' என்று பதிய வைப்பது. இதைச் சமதரையில், நான்கு டயரிலும் சரியான காற்றோடு, வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பட்டைகள் படிந்த பிறகு செய்ய வேண்டும். பட்டை மாட்டிய அதே மணியில் செய்தால் அடுத்த வாரமே அளவு மாறிவிடும். கிண்ணம் மாதிரி சரிந்த முற்றத்தில் நிறுத்திச் செய்வதும் வேண்டாம். மலைப்பட்டறைகளில் சமதரை கிடைப்பது கஷ்டம் என்பது தெரிந்ததே. நீர்மட்டக் கருவியை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

உயரத்தைப் பதிந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. கணினி ஆட்டம் போடுவது, அப்சோர்பரின் உள்ளே இருக்கும் வால்வுகள் தருகிற எல்லைக்குள்தான். ஸ்பிரிங் மிகவும் கனமாகிவிட்டால் அந்த எல்லை போதாது. அப்சோர்பரைக் கழற்றி வால்வு மாற்ற வேண்டும், அல்லது அந்த ஸ்பிரிங்குக்கென்றே எழுதிய அமைப்பைக் கணினியில் ஏற்ற வேண்டும். இந்த இரண்டும் கிடைக்காத ஸ்பிரிங் செட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள் என்பேன்.

பிரேக் ஏமாறும் கதை

கணினி இல்லாத பிக்கப் வைத்திருப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். உங்கள் வண்டியின் பின் அச்சுக்கு மேலே குனிந்து பாருங்கள். சில வண்டிகளில் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே போய் ஒரு வால்வில் மாட்டியிருக்கும். டொயோட்டா ஹைலக்ஸின் பல மாடல்களில் இது உண்டு. பாரம் ஏறி வண்டி இறங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதும், வெறும் வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அழுத்தத்தைக் குறைப்பதும் அதன் வேலை. கனமான பட்டை போட்டால் பாரம் ஏற்றியும் வண்டி முன்போல இறங்காது. வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்! முழுப் பாரத்தோடு தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் முன் பிரேக் மட்டும் எல்லாச் சுமையையும் இழுத்துச் சூடேறுவதை நினைத்துப் பாருங்கள். வண்டி எவ்வளவு உயர்ந்ததோ அதற்கு ஏற்றபடி அந்த வால்வையோ கம்பியையோ சரிசெய்தே ஆக வேண்டும். பட்டறைக்காரரிடம் இதை நீங்களே கேளுங்கள், அவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டையைக் கட்டும் யூ போல்ட்டைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும், பழையது இழுபட்டிருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முறுக்கிப் பாருங்கள். பின்பக்கம் உயர்ந்தால் முன்விளக்கு குனிந்துவிடும், மூடுபனியில் பாதை தெரியாது, விளக்கையும் சரிசெய்யுங்கள்.

கனமான ஸ்பிரிங் போட்டதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோகூட ஏறாது. அச்சு அதே அச்சு, பிரேக் அதே பிரேக், பதிவில் உள்ள எடையும் அதே எடை. வண்டியின் உயரத்தையோ அமைப்பையோ மாற்றுகிறவர்கள் முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயிடம் விசாரித்து, ஒப்புதல் வேண்டுமென்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பட்டறைக்குப் போங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியப்படுத்துங்கள். எல்லாம் முடிந்ததும் வண்டியை ஒரே பாதையில் இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள், ஒரு தடவை பாரத்தோடு, ஒரு தடவை வெறுமனே. வெறும் வண்டியை ஓட்டும்போது பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, பின்பக்கம் எந்த வளைவில் எப்படி நடந்துகொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கு மறுபடி போகும்போது அந்தக் குறிப்பு கையில் இருக்கட்டும்.