புது டிவியில் சினிமா ஏன் சீரியல் மாதிரி தெரிகிறது?

புது டிவி வாங்கிய வீடுகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது: "படம் பளிச்சுனுதான் இருக்கு, ஆனா என்னவோ சீரியல் பாக்கிற மாதிரி இருக்கே!" 'நாயகன்' ஓடிக்கொண்டிருக்கும். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் இருட்டையும் வெளிச்சத்தையும் அளந்து அளந்து எடுத்த காட்சி, நாலு விளக்கைப் போட்டு வீடியோ கேமராவில் எடுத்தது போல வழுக்கிக்கொண்டு போகும். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. நாம் கேட்காத ஒரு வசதி டிவிக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பேசும் படம் வந்த 1920களின் கடைசியிலிருந்து, சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில்தான் எடுக்கப்படுகிறது. ஒரு நொடியை 48 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம்தான் ஒவ்வொரு ஃபிரேமும் வழக்கமாக ஒளி வாங்கும். அதற்குள் நடிகர் கையை வீசினால், கை லேசாகக் கலங்கிப் பதியும். அந்தக் கலங்கலும் 24 என்ற எண்ணிக்கையும் சேர்ந்துதான் நமக்குப் பழகிய சினிமாத் தோற்றம் வருகிறது. நம் ஊர் சீரியலும் செய்தியும் கிரிக்கெட்டும் அப்படியில்லை. அவற்றில் அசைவு பெரும்பாலும் நொடிக்கு 50 முறை பதிவாகிறது. அந்த வழவழப்பை சினிமாவில் பார்த்தால் மனம் உடனே சீரியல் என்கிறது.

சரி, டிவி ஏன் வழவழப்பாக்குகிறது? பழைய பிக்சர் டியூப் டிவியில் ஒவ்வொரு படமும் மின்னிவிட்டு மறைந்துவிடும். எல்சிடி திரை அப்படியில்லை. அடுத்த படம் வரும்வரை முந்தைய படத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஓடுகிற பந்தோடு நம் கண்ணும் நகர்ந்துகொண்டே இருக்க, திரையில் பந்து ஒவ்வொரு இடத்திலும் கணநேரம் நிற்பதால், அது இழுபட்டுத் தெரியும். இதற்குக் கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களை ஒப்பிட்டு, எது எங்கே நகர்ந்தது என்று கணித்து, நடுவில் புது ஃபிரேம்களைத் தயாரித்துச் செருகுவது. 120 ஹெர்ட்ஸ் டிவியில் இதை முழு அளவில் வைத்தால், திரையில் நொடிக்கு வரும் 120 படங்களில் 24 மட்டுமே ஒளிப்பதிவாளர் எடுத்தவை. மீதி 96 டிவி தானாக வரைந்தவை.

அந்தக் கணிப்பும் தவறும். வேலிக் கம்பிகளுக்குப் பின்னால் ஒருவர் நடந்து போகும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். அவர் உடலின் ஓரத்தில் கம்பிகள் நெளிவது தெரியும்.

கிரிக்கெட்டுக்கு இது ஓரளவு உதவும், மறுக்கவில்லை. வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் பல மாடல்களில் பெட்டியைப் பிரிக்கும்போதே இது ஆன் ஆகித்தான் வருகிறது, அதுதான் எனக்குக் கோபம். கடையில் வரிசையாக ஓடும் டிவிகளுக்கு நடுவே வழவழப்பும் கூசும் நிறமும் கண்ணை இழுக்கும். விற்பனைக்கு உதவுகிற ஒன்றை வீடு வரைக்கும் அனுப்பிவிடுகிறார்கள். போதாததற்குப் பெயரும் ஆளுக்கொன்று: சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. படத்தையே மாற்றுகிற வேலை இது என்று இந்தப் பெயர்களை வைத்து யார் கண்டுபிடிப்பார்கள்?

2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு வீடியோவில் தோன்றி, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். 2019-ல் டிவி கம்பெனிகளும் ஸ்டூடியோக்களும் அடங்கிய யுஎச்டி அலையன்ஸ், 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற ஒன்றை அறிவித்தது. எடுத்த படத்தை எடுத்தபடியே பார்க்க ஒரு தனி மோட் தேவைப்பட்டிருக்கிறது! இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கேம் மோடில் இந்த வசதியைப் பொதுவாகக் கம்பெனிகளே அணைத்துவிடுகின்றன. கணித்து வரைய நேரம் பிடிப்பதால் பட்டனை அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் நடுவே தாமதம் வரும்.

அணைப்பது சுலபம். செட்டிங்ஸில் பிக்சர் பகுதிக்குப் போய், 'அட்வான்ஸ்டு' அல்லது 'எக்ஸ்பர்ட்' என்று இருப்பதைத் திறந்து, மேலே சொன்ன பெயரைத் தேடி 'ஆஃப்' செய்யுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். கேமரா பக்கவாட்டில் மெல்ல நகரும் காட்சிகளில் படம் உதறுவதாகத் தோன்றினால், அதே பகுதியில் இருக்கும் 'ஜடர்' (உதறல்) அளவை மட்டும் ஒன்றோ இரண்டோ வையுங்கள். செட்டாப் பாக்ஸுக்கும், யூடியூப் போன்ற ஆப்களுக்கும் பல டிவிகளில் தனித்தனி செட்டிங் இருக்கும். ஒன்றில் அணைத்தால் மற்றதில் அணையாது; இரண்டிலும் போய்ப் பார்த்துவிடுங்கள்.