பொலிஸில் சேர விரும்பும் பிள்ளைக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும்?

கடந்த மாதம் ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு வீடு வந்தபோது, என்னிடம் படித்த மாணவன் ஒருவன் தன் வாப்பாவுடன் வாசலில் நின்றான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளை. "சேர், இவன் பொலிஸுக்குத்தான் போவானாம். இந்தக் கோர்ஸைச் செய்தால் லேசாக எடுபடலாம் என்கிறார்கள்" என்று வாப்பா ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினார். குற்றவியல் டிப்ளோமா, ஒரு வருடம், கட்டணம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். உம்மாவின் காப்பை அடகு வைக்கவும் யோசித்திருந்தார்கள்.

காசைக் கட்ட வேண்டாம் என்றேன். அதற்கான காரணத்தை இதே யோசனையில் இருக்கும் ஏனைய பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பொலிஸ் சேவைக்குள் நுழையப் பிரதானமாக மூன்று வாசல்கள் உள்ளன. பொலிஸ் கான்ஸ்டபிள் பதவிக்குச் சாதாரண தரப் பெறுபேறு அடிப்படை. உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்கு அதனுடன் உயர் தரத்தில் மூன்று பாடங்களில் சித்தியும் வேண்டும். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவிக்கு அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். இந்த மூன்றில் எதற்கும் தனியார் டிப்ளோமா நிபந்தனை அல்ல. தண்டனைச் சட்டக்கோவை, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், சாட்சியக் கட்டளைச் சட்டம் எல்லாவற்றையும் ஆட்சேர்ப்புக்குப் பிறகு பொலிஸ் திணைக்களமே கற்பிக்கிறது. பயிற்சிக் காலத்தில் சம்பளமும் கிடைக்கும். வேலைக்கு எடுப்பவர் சம்பளம் தந்து படிப்பிப்பதை நாம் எதற்குக் கடன்பட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும்?

அப்படியானால் பிள்ளை எதில் கவனம் செலுத்த வேண்டும்?

முதலாவது, சாதாரண தரத்தில் கணிதமும் மொழியும். உயர் தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும், சாதாரண தரத்தில் கணிதத்தைக் கோட்டைவிட்டதால் விண்ணப்பிக்கவே முடியாமல் நின்ற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். எத்தனை பாடங்களில் திறமைச் சித்தி வேண்டும், எத்தனை அமர்வுகள் ஏற்கப்படும் என்பதெல்லாம் வர்த்தமானி அறிவித்தலில் தெளிவாக இருக்கும். அதை முகநூல் பதிவில் பார்க்காமல் வர்த்தமானியிலேயே வாசியுங்கள். கணிதம் தவறியிருந்தால் வேறு எந்தக் கோர்ஸுக்கும் முன்னர் அந்தப் பாடத்தை மீண்டும் எழுதட்டும்.

இரண்டாவது, உயர் தரம். கான்ஸ்டபிளாகச் சேர அது தேவையில்லை என்று பிள்ளை சொல்லலாம். ஆனால் மூன்று சித்திகள் இருந்தால் அடுத்த வாசலும் திறக்கும். எந்தத் துறை என்பது பெரிய பிரச்சினை அல்ல. கலைத்துறைப் பிள்ளைக்கு ஶ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் பட்டக் கற்கை இருக்கிறது. சட்டம் படிக்க விரும்பினால் திறந்த பல்கலைக்கழகமும் ஒரு வழி. விஞ்ஞானத்தில் ஆர்வமுள்ள பிள்ளை இரசாயனவியல் படித்து, அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் பக்கம் போகலாம். சீருடை இல்லாவிட்டாலும் குற்ற விசாரணைக்கு அந்த வேலையும் தேவை.

மூன்றாவது, சிங்களம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் காணி எல்லைத் தகராறு ஒன்றுக்காக என் உம்மா ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவர் தமிழில் சொல்ல, வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. கையொப்பமிடச் சொன்னார்கள். அவருக்கும் வாசிக்கத் தெரியாது. எனக்கும் அப்போது அரைகுறைதான். அந்த நேரம் கடமைக்கு வந்த தமிழ் பேசும் கான்ஸ்டபிள் ஒருவர் அதை வாங்கி உம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். கிழக்கு எல்லை மேற்கு என்று எழுதப்பட்டிருந்தது. திருத்திய பிறகே உம்மா கையொப்பமிட்டார். அந்த ஒருவர் வராமல் இருந்திருந்தால் எங்கள் முறைப்பாடே எங்களுக்கு எதிராகப் போயிருக்கும்.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சட்டம் இருக்கிறது. ஆனால் அதை நடைமுறையில் செய்து காட்ட நிலையத்தில் இரு மொழியும் எழுதத் தெரிந்த ஆள் இருக்க வேண்டுமே! 2018 இல் திகனயிலும் 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களிலும் பட்டதற்குப் பிறகு, பிள்ளையைப் பொலிஸுக்கு அனுப்பவே விருப்பமில்லை என்று சொல்லும் பெற்றோரின் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் ஒதுங்கிக்கொண்டால் அந்த மேசையில் நம் மொழி தெரிந்தவர் இருக்கும் வாய்ப்பு இன்னும் குறையும்.

சாதாரண தரத்தில் இரண்டாம் மொழி சிங்களம் ஒரு தெரிவுப் பாடம். நமது பாடசாலைகளில் பல பிள்ளைகள் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். பொலிஸ் கனவுள்ள பிள்ளை தவிர்க்கக் கூடாது. பரீட்சை முடிந்துவிட்டால், பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களில் வாசிக்கவும் எழுதவும் பழகட்டும். கடைத்தெருவில் பேசுகிற சிங்களம் வாக்குமூலம் எழுதப் போதாது.

நான்காவது, உடலும் நடத்தையும். உயரம், மார்பளவு, கண் பார்வை பார்ப்பார்கள். பார்வைக் குறைபாடு இருக்கிறதா என்று இப்போதே கண் வைத்தியரிடம் காட்டுங்கள். ஓட்டப் பயிற்சியை விண்ணப்பம் கோரிய பிறகு தொடங்கினால் தாமதம். பின்னணியும் விசாரிக்கப்படும் என்பதால் சண்டை, வழக்கு, சமூக ஊடக வீராப்பு எதிலும் பிள்ளை மாட்டிக்கொள்ளக் கூடாது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வீட்டு வன்முறைக்கு ஆளான நமது பெண்கள் ஆண் உத்தியோகத்தரிடம், அதுவும் தெரியாத மொழியில், வாய் திறக்க மாட்டார்கள். பெண்கள், சிறுவர் பிரிவுகளில் நம் மொழி பேசும் பெண்கள் தேவை. மகள் கேட்டால் உடனே மறுக்காமல் உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக, வாசல் திறக்காமலும் போகலாம். ஓர் அங்குல உயரம் தடுக்கலாம், வயதெல்லை கடந்துவிடலாம். ஆகவே எந்தக் கற்கைநெறிக்கும் காசு கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: பொலிஸ் கிடைக்காவிட்டால் இந்தச் சான்றிதழால் என் பிள்ளைக்கு என்ன பயன்? பட்டமானால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை அங்கீகரித்திருக்கிறதா என்றும், தொழிற்கல்வியானால் என்விகியூ மட்டம் என்ன என்றும் விசாரியுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். காசு தந்தால் வேலை எடுத்துத் தருகிறேன் என்று வரும் தரகரையும் அப்படியே அனுப்பிவிடுங்கள்.

அந்த மாணவன் இப்போது சிங்கள வகுப்புக்குப் போகிறான், காலையில் ஓடுகிறான். எமது பள்ளி நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு மூன்று மாதச் சிங்கள வகுப்பொன்றை நடத்தினால் என்ன? ஓர் ஆசிரியரும் ஒரு கரும்பலகையும் இருந்தால் ஆரம்பிக்கலாம்.