எத்தீரியம்: தேதி தவறும் திட்டம்

எத்தீரியம் பிளாக்செயின் 2015 ஜூலை 30 அன்று இயங்கத் தொடங்கியது. அப்போதே அதன் வளர்ச்சிக்கு நான்கு கட்டங்கள் குறிக்கப்பட்டிருந்தன: ஃபிரான்டியர், ஹோம்ஸ்டெட், மெட்ரோபொலிஸ், செரினிட்டி. கடைசிக் கட்டத்தில், கணினிகள் போட்டியிட்டுப் புதிய பிளாக்குகளைச் சேர்த்து வருமானம் ஈட்டும் மைனிங்கையே கைவிடுவதாகத் திட்டம்.

இத்தகைய திட்டத்தை நிறைவேற்ற ஆணையிடும் நிறுவனம் எதுவும் அங்கில்லை. மாற்றம் வேண்டுபவர் இ.ஐ.பி. எனப்படும் முன்மொழிவை எழுதுகிறார். அது ஏற்கப்பட்டால் கெத், நெதர்மைண்ட் போன்ற மென்பொருள்களை எழுதும் குழுக்கள் தனித்தனியே அதைச் சேர்த்து, சோதனை வலையமைப்புகளில் ஓட்டிப் பார்க்கின்றன. அதன் பிறகும், கணினிகளை நடத்துபவர்கள் தாமாகப் புதிய பதிப்புக்கு மாறினால்தான் உண்டு. மாற மறுப்பவர்கள் பழைய விதியிலேயே தொடரலாம். 2016இல் ‘டி.ஏ.ஓ.’ என்ற கூட்டு நிதியிலிருந்து எத்தீரியத்தின் நாணயமான ஈதர் சுமார் 36 லட்சம் களவுபோனது. அதை மீட்க விதி திருத்தப்பட்டபோது ஒப்பாதவர்கள் தனியே பிரிந்தார்கள். அவர்களுடைய சங்கிலிதான் எத்தீரியம் கிளாசிக்.

அப்படியிருக்க, தங்கள் வருமானத்தை ஒழிக்கும் மாற்றத்துக்கு மைனர்கள் எப்படி இணங்குவார்கள்? இதற்காகவே நிரலில் ‘டிஃபிகல்ட்டி பாம்’ என்ற பொறி வைக்கப்பட்டது. மைனிங்கின் கடினத்தோடு அது கூட்டும் சுமை, ஒவ்வொரு 1,00,000 பிளாக்குக்கும் இரட்டிப்பாகும். முதலில் கண்ணுக்கே தெரியாது. பிறகு பிளாக்குகளின் இடைவெளி நீண்டுகொண்டே போய்ச் சங்கிலி முடங்கும். மைனர்களை மிரட்ட வைத்த பொறி கடைசியில் நிரலாளர்களைத்தான் விரட்டியது. மைனிங்குக்கு மாற்றான முறை தயாராகாததால் 2017 முதல் 2022 வரை ஆறு முறை அதை ஒத்திவைத்தார்கள்.

அந்த மாற்று முறையில் 2020 டிசம்பர் 1 அன்று பீக்கன் செயின் என்ற இரண்டாவது சங்கிலி ஓடத் தொடங்கியது. தலா 32 ஈதர் பிணையாகக் கட்டிய வேலிடேட்டர்கள் அதை நடத்தினார்கள். பயனர்களின் பரிவர்த்தனை எதுவும் இல்லாமலே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓடிய பிறகு, 2022 செப்டம்பர் 15 அன்று பழைய சங்கிலி, நிற்காமலே, அதனுடன் இணைக்கப்பட்டது. மின்செலவு சுமார் 99.95 சதவீதம் குறைந்தது. கட்டிய பிணையைத் திரும்ப எடுக்கும் வழி 2023 ஏப்ரலில்தான் திறந்தது. அதுவரை கட்டியவர்கள் நம்பிக் காத்திருந்தார்கள்.

வேகத்தைக் கூட்டும் திட்டம் பாதியில் திசை மாறியது. சங்கிலியை 64 துண்டுகளாகப் பிரிக்கும் யோசனை கைவிடப்பட்டு, பரிவர்த்தனைகளை வெளியே நடத்தித் தரவை மட்டும் எத்தீரியத்தில் பதியும் ‘ரோல்அப்’களுக்கு முதலிடம் தரப்பட்டது. அவற்றுக்காக 2024 மார்ச்சில் டென்கன் மேம்பாட்டில் ‘பிளாப்’ வந்தது: 128 கிலோபைட் தரவுப் பொதி, சுமார் 18 நாள் கழித்து அழிக்கப்படலாம். நிரந்தரச் சேமிப்புக்கான விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதால் ரோல்அப் கட்டணங்கள் சரிந்தன. 2025 டிசம்பரில் வந்த ஃபுசாகா, ஒவ்வொரு கணினியும் பிளாப் தரவு முழுவதையும் இறக்காமல் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சரிபார்க்க வழிசெய்தது. வலையமைப்பின் முழுக் கணக்கு நிலையையும் வைத்திருக்காமலே பிளாக்குகளைச் சரிபார்க்கும் வசதி இன்னும் திட்ட நிலையிலேயே இருக்கிறது.